திருமணிமுத்தாற்றுக்குக் கரை வேண்டும்: சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகராட்சியின் மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், துணை மேயர், ஆணையர் அவர்களுக்கும், அறுபது வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சேலம் குகைப் பகுதியில் பிறந்து கருங்கல்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு, புகுந்த வீடு, பிள்ளைகள் படித்த பள்ளி எல்லாமே திருமணிமுத்தாற்றுக்குப் பக்கத்தில்தான். சுகவனேஸ்வரர் கோயில் பக்கம் தொடங்கி, கோட்டை வழியாகக் குகை வரை, ஆற்றங்கரையை மக்கள் வந்து உட்காரும் பூங்காவாக ஆக்கித் தரவேண்டும் என்று கேட்கவே இந்த மடல். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். பூங்கா வேலைக்குக் கல் ஊன்றுவதற்கு முன்பே ஆற்றில் வந்து விழும் கழிவுநீருக்கு வழி பண்ணிவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். தனித்தனியாகச் செய்தால் இரண்டுமே நிற்காது.

ஆறு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு அது மறந்துபோய்விட்டது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள், கீழே ஓடுவது சாக்கடை என்றே நினைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இது ஆறு என்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

சேர்வராயன் மலையில் விழும் மழைதான் திருமணிமுத்தாறு. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர்; சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி நாம் ஏறுகிற அந்த உயரத்தை, காப்பித் தோட்டங்களில் விழுந்த தண்ணீர் ஓடை ஓடையாகப் புகுந்து சில மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. மேலே இடி இடித்தால் கீழே அணைமேட்டில் தண்ணீர் நிறம் மாறும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊரைக் கடந்து உத்தமசோழபுரம் போய், நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, பரமத்தி வேலூர்ப் பக்கம் நன்செய் இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது. நம் வீட்டு வாசலில் ஓடுவது காவிரியின் துணையாறு என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கரையோரம் ஐந்து சிவத்தலங்களை வரிசையாகச் சொல்வார்கள்: சேலம் சுகவனேஸ்வரர், உத்தமசோழபுரம் கரபுரநாதர், பில்லூர் வீரட்டீஸ்வரர், மாவுரெட்டி பீமேஸ்வரர், நன்செய் இடையாறு திருவேலிநாதர். ஒரே நாளில் ஐந்தையும் தரிசித்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. உத்தமசோழபுரத்தில் ஔவையாருக்குச் சிலை இருக்கிறது. பாரி மகளிர் அங்கவை, சங்கவைக்கு ஔவை முன்னின்று மணம் முடித்து வைத்த இடம் அதுதான் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. ஆற்றின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. இந்த ஆற்றில் முத்து விளைந்தது என்றும், மதுரை மீனாட்சியம்மன் மூக்குத்தியில் இருப்பது இங்கே கிடைத்த முத்து என்றும் என் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அது நடந்ததா என்று வாதாட நான் வரவில்லை. தன் ஆற்றுத் தண்ணீர் மீனாட்சிக்கு நகை கொடுத்தது என்று பெருமைப்பட்ட ஊர் இது என்பதைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

கோட்டைப் பகுதிக்கு வருகிறேன். பூங்கா என்று நான் கேட்கும் இடத்தின் நெஞ்சு அதுதான்.

சுகவனேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம், அத்தனையும் அவ்வளவு பக்கம். கிளி முகம் கொண்ட சுக முனிவர் பூசித்த தலம் என்பதால் சுகவனம். வேடன் வெட்ட வந்தபோது கிளி தன் சிறகை விரித்து லிங்கத்தின் மேல் படிந்து வெட்டைத் தான் வாங்கிக்கொண்டது என்பது தலக்கதை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இடம். அங்கிருந்து கோட்டை அழகிரிநாதர் கோயில். மார்கழி வைகுண்ட ஏகாதசி விடியலில் சேலத்துக்காரர்கள் அத்தனை பேரும் குளிரில் வரிசையில் நிற்கும் இடம். பக்கத்திலேயே கோட்டை மாரியம்மன். ஆற்றங்கரையை ஒட்டியே ஜாமியா மசூதி. திப்பு சுல்தான் இங்கே வந்து தொழுதார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1792இல் திப்புவோடு ஆன ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் இந்தச் சீமை கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. கோட்டைக்கென்று மதிலைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்று கிடைப்பது பெயர்தான். ஆனாலும் பாங்கோசையும் மாரியம்மன் கோயில் மேளமும் ஒரே ஆற்றின் மேல் வந்து விழும் அந்தக் கால் மணி நேர நடையில் சேலத்தின் முந்நூறு வருடக் கதை இருக்கிறது.

அதே நடையில் வ.உ.சி. பூ மார்க்கெட்டும் வருகிறது. விடிவதற்கு முன்பே மூட்டைகள் வந்து இறங்கிவிடும். குண்டுமல்லி, சன்னமல்லி, காக்கட்டான், சம்பங்கி. பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து அரளி. நனைந்த வாழைநாரைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே கட்டும் பெண்களின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் பஸ்ஸை விட்டுவிடுவோம். முழம் போடும்போது முழங்கை வரை அளந்து, கடைசியில் ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு நறுக்கும் அம்மாவிடம்தான் நான் இன்றும் பூ வாங்குகிறேன். அவர்கள் உட்காரும் இடத்துக்கு ஆறு எட்டிவிடும் தூரம். காலை நீட்டி ஐந்து நிமிடம் இளைப்பாற அவர்களுக்கு ஆற்றோரத்தில் ஒரு மரத்தடி கிடையாது.

ஆடி வந்தால் சேலம் முழுக்க மாரியம்மனுடைய ஊர். உங்களுக்குத் தெரியாததில்லை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, பொங்கல் வைத்து, உருளுதண்டம் போட்டு முடிக்கும்வரை ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு அம்மன் கொண்டாட்டம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். எங்கள் குகையில் வண்டி வேடிக்கை. வேடம் போடுபவர்கள் காலையிலிருந்து அரிதாரம் பூசிக்கொண்டு, சிவனாகவும் முருகனாகவும் அம்மனாகவும் வண்டியில் ஏறி, இரவு முழுவதும் அசையாமல் நின்று ஊர்வலம் வருவார்கள். அடுத்த தெருத் தறிக்காரர் பரமசிவனாக வருவதைப் பார்க்கக் குழந்தைகள் தூங்காமல் காத்திருக்கும். அன்று இரவு எத்தனை ஆயிரம் பேர் தெருவில்! வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் உட்கார இடமில்லாமல் கடைப் படிகளில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். கரையோரம் படியும் திண்ணையுமாக இருந்தால் கூட்டம் தானாகப் பிரிந்து அங்கே போய் உட்காரும்.

அதே ஆடியில்தான் பதினெட்டாம் பெருக்கும் வருகிறது. அன்று காலை சேலம் பஸ் ஸ்டாண்டுகளைப் பாருங்கள். மேட்டூருக்கும் கல்வடங்கத்துக்கும் பூலாம்பட்டிக்கும் மூட்டை முடிச்சோடு ஏறுகிறோம். புதுத் தாலிக்கயிறு மாற்ற, காப்பரிசி வைத்துக் கும்பிட, முளைப்பாரி விட, குழந்தைகளை முழுக வைக்க ஐம்பது கிலோமீட்டர் போகிறோம். ஆற்றங்கரையில் குடியிருக்கிறவர்கள் ஆறு தேடிப் பஸ் ஏறுகிறோம். காவிரிக்குப் போவது சந்தோஷம்தான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காசில்லாத வீடுகள் குகையிலும் கிச்சிப்பாளையத்திலும் இருக்கின்றன. முட்டி வலியோடு படி ஏற முடியாத கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயடியில் மஞ்சள் பூசிய செம்பை வைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். வாசலுக்குக் கீழே காவிரிக்குப் போகும் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தண்ணீரைத் தொட முடியாதபடி ஆக்கியது எது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் கழிவுநீர், சாயப்பட்டறைத் தண்ணீர், ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து ஓடைகள் வழியாக வரும் கிழங்குத் தண்ணீர், பாலத்திலிருந்து வீசும் பிளாஸ்டிக் பை, கோழி இறைச்சிக் கழிவு. மழை பெய்த மறுநாள் சில இடங்களில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்து போகும். மழை இல்லாத நாளில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். கழிவில் இருக்கும் சத்தைத் தின்றே அது செழிக்கிறது. அதன் அடியில் கொசு செழிக்கிறது. இதன் பாரம் நம்மோடு முடிவதும் இல்லை. நாம் கழுவிவிட்டது உத்தமசோழபுரத்துக்குக் கீழே வயலுக்குப் பாய்கிறது, கிணற்றில் ஊறுகிறது. நாமக்கல் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் எந்த வார்டிலும் ஓட்டுப் போடுவதில்லை. இருந்தாலும் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய மன்றம் உங்களுடையதுதான்.

இங்கே நன்றியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அடைமழைக் காலத்தில் அந்தச் சாக்கடைகளில் இடுப்பளவு இறங்கி அடைப்பெடுக்கும் தூய்மைப் பணியாளர்களால்தான் எங்கள் தெருக்களில் இன்னும் குடியிருக்க முடிகிறது. ஆற்றுக்கு வரும் கழிவு குறைந்தால் முதலில் மூச்சு விடப் போகிறவர்கள் அவர்கள்.

2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வானதும் திருமணிமுத்தாற்றுக்கும் நல்ல காலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். கரைக்குச் சுவர்கள் எழும்பின. கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுவதைத் தடுக்கச் சில இடங்களில் சுவர் வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவர் ஒன்றே கரை ஆகிவிடாது. கரை என்றால் மண் இருக்கும், சரிவு இருக்கும், வேர் இறங்கும், கால் நனைக்க ஒரு துறை இருக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கான்கிரீட் நின்றால் தண்ணீர் வேகமாக ஓடிப்போகும், பக்கத்துக் கிணற்றில் ஊறாது. வெயில் காலத்தில் அந்தச் சுவர் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். சாயங்காலம் வந்து உட்கார யாருக்குத்தான் மனம் வரும்?

ஆகவே பூங்கா என்றதும் நம் ஊர்களில் வழக்கமாக வருகிற ஒரு வரைபடத்தை இங்கே கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுற்றிலும் கம்பி வேலி, வழுக்கும் டைல்ஸ், மின்சாரம் நின்றால் நின்றுபோகும் நீரூற்று, வண்ண விளக்கு, வாசலில் நுழைவுச் சீட்டு, நடுவில் ஊர்ப் பெயர் எழுதிய பெரிய எழுத்து. திறப்பு விழா நாளில் அழகாக இருக்கும். முதல் வெள்ளத்தில் சேறாகிவிடும். ஏனென்றால் இது மலையாறு. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியபோது திருமணிமுத்தாறு எப்படிப் பொங்கி வந்தது என்பதை நீங்களும் களத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். வீடு வீடாகத் தண்ணீர் இறைத்தோம். ஆற்றங்கரையில் எதைக் கட்டினாலும் அந்த நாளை மனத்தில் வைத்துத்தான் கட்ட வேண்டும். வெள்ளம் வந்தால் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்து, வடிந்ததும் ஒரு கழுவு கழுவினால் பழையபடி ஆகிவிடுகிற பூங்கா வேண்டும். கருங்கல் படி, கருங்கல் திண்ணை, மண் நடைபாதை, ஆழமாக வேர் விடும் மரம். இவை போதும்.

மரம் என்றால் நம் ஆற்றோர மரங்கள். நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, அத்தி. சரிவில் மண்ணைப் பிடிக்க வெட்டிவேரும் நொச்சியும். இவை வெள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், கோடையில் தண்ணீர் கேட்டு நம்மைத் தொல்லை செய்யாது. சித்திரையில் புங்கன் நிழலுக்குச் சமானமாக எந்தப் பந்தலும் இல்லை. வெளிநாட்டு அலங்காரச் செடியும் புல்தரையும் வேண்டாம். அவற்றுக்கு ஊற்றும் குடிநீரை எங்கள் குழாயில் விடுங்கள்.

கழிவுநீருக்கு வருகிறேன். பாதாளச் சாக்கடைத் திட்டம் வருஷக்கணக்காக நடக்கிறது. நான் கேட்கும் இந்தப் பகுதிக்கு அதை முதலில் முடித்து, ஆற்றில் நேராக விழும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, எது யாருடையது, எப்போது அடைபடும் என்று மன்றத்தில் வெளிப்படையாக வையுங்கள். உடனே இணைக்க முடியாத சிறு வாய்க்கால்களின் முகத்துவாரத்தில் சம்பு, கோரை, கல்வாழை நட்ட பாத்திகளை அமைக்கலாம். கழிவு அந்த வேர்களின் ஊடே மெல்ல ஊர்ந்து வரும்போது வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்றுவிடும், கசடு அடியில் தங்கிவிடும். வீட்டுக் கழிவுநீருக்கு இது நன்றாகவே உதவும். சாயத்துக்கு இது உதவாது. சாயக் கழிவைப் பட்டறையிலேயே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. சிறு பட்டறைக்காரர்களால் தனித்தனியாக அந்தச் செலவைத் தாங்க முடியாது; பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாநகராட்சிதான் அரசிடம் குரல் கொடுக்க வேண்டும். நான் நெசவுக் குடும்பத்துப் பெண். சாயப்பட்டறையை எதிரியாக நிறுத்திவிட்டு ஆற்றைக் காப்பாற்றச் சொல்ல என்னால் முடியாது. அந்தச் சாயத்தில் தோய்த்த நூலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பட்டறையும் பிழைக்க வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும். திடக்கழிவுக்கு விதிகளே இருக்கின்றன; வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை போடக் கூடாது என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. பாலங்களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தாலே பாதி பிளாஸ்டிக் நிற்கும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்று யாராவது உங்களிடம் கேட்டால் கன்னங்குறிச்சிக்கு அழைத்துப் போய் மூக்கனேரியைக் காட்டுங்கள். 2010இல் சேலத்து மக்களே சேர்ந்து அந்த ஏரியை மீட்டார்கள். தூர் வாரிய மண்ணை வெளியே அள்ளிக்கொண்டு போகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகள் பறவைகளுக்கு வீடாயின. சாயங்காலம் சேர்வராயன் மலை பின்னால் நிற்க, கொக்குகள் கூடு திரும்புவதைப் பார்க்கக் குழந்தைகளோடு போகிறோம். சென்னையிலும் அடையாறு முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே நீரும் சதுப்பும் முதலில் சீரானது. உயிர்கள் பிறகு தாமாக வந்தன.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆற்றை அழகாக்குகிறோம் என்று பல ஊர்களில் வேலை தொடங்கும்போது முதலில் வெளியேறுவது ஏழைகள்தான். கரையில் குடிசை போட்டிருப்பவர்களைப் பல கிலோமீட்டர் தள்ளி எங்கோ ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டால், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் பிழைப்பு அறுந்துவிடும். வெள்ளம் புகும் இடத்தில் அவர்கள் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் மாற்று வீடு அதே பகுதியில், பிள்ளைகளின் பள்ளியும் வேலையும் மாறாத தூரத்தில் கிடைத்த பிறகுதான் ஒரு குடிசையில் கை வைக்க வேண்டும்.

தள்ளுவண்டிக்காரர்களும் அப்படியே. சேலத்துச் சாயங்காலம் என்றால் தட்டுவடை செட். தட்டையின் மேல் சிவப்புச் சட்னி ஒரு தீற்று, பச்சைச் சட்னி ஒரு தீற்று, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன் மேல் இன்னொரு தட்டை. கையில் வாங்கிய நொடியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு நிமிடம் தாமதித்தால் நமத்துவிடும். அதனால்தான் அது வண்டி ஓரம் நின்று, பேசிக்கொண்டே தின்கிற பண்டமாக இருக்கிறது. வேறு ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை நாங்கள் முதலில் அழைத்துப் போவது அந்த வண்டிகளுக்குத்தான். ஆற்றங்கரைப் பூங்கா வந்தால் அந்த வண்டிகளுக்கு அங்கே முறையான இடம், குடிநீர், குப்பைத் தொட்டி, விளக்கு கொடுங்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014இல் சட்டமே வந்திருக்கிறது, அதன்படி நகர விற்பனைக் குழுவும் இருக்கிறது. அவர்களை வைத்துப் பேசி இடம் பிரியுங்கள். குத்தகைக்கு எடுத்த ஒரே உணவகம் பூங்காவின் நடுவில் வந்து உட்கார்ந்து, தட்டுவடைக்கார அக்கா சுவருக்கு வெளியே போய்விடக் கூடாது.

பெண்களுக்காக இரண்டு வார்த்தை. சுத்தமான கழிப்பறை, அதைப் பார்த்துக்கொள்ள ஆள், இருட்டு மூலை இல்லாத வெளிச்சம். இவை இல்லாத பூங்காவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாங்கள் இருக்க மாட்டோம், எங்கள் பெண் பிள்ளைகளையும் விட மாட்டோம். நுழைவுக் கட்டணம் வேண்டாம். ஆற்றுக்குப் போகக் காசு கேட்ட வழக்கம் நம் ஊரில் இருந்ததில்லை.

பூங்காவில் ஊர்க்கதை இருக்க வேண்டும். எங்கே நிற்கிறோம், எதிரே என்ன தெரிகிறது என்று நல்ல தமிழில் எழுதிய கல்வெட்டுப் பலகைகள், ஆறேழு இடங்களில் போதும். இந்த மன்றத்தின் கதையும் அதில் வரவேண்டும். 1866இல் நகராட்சியாகத் தொடங்கி 1994இல் மாநகராட்சியானது. 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார் இந்த நகராட்சியின் உறுப்பினராக இருந்தவர். ராஜாஜி 1917இல் இதன் தலைவரானவர். நாடே அறிந்த இருவரும் தெருக்குழாயையும் குப்பையையும் பற்றிப் பேசிப் பேசியே பொது வாழ்க்கைக்கு வந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் ஆற்றங்கரையில் நின்று படிக்கட்டும். இன்னொரு பலகையில் நெசவு. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு எந்தத் தெருக்களில் நெய்யப்பட்டது, பாவு எப்படி நீட்டுவார்கள், ஊடை எப்படி ஓடும் என்று. முடிந்தால் நிழலில் ஒரு தறியையே வைத்து, வாரம் ஒரு நாள் நெய்து காட்ட ஒரு வயதான நெசவாளருக்குச் சம்பளம் கொடுங்கள். என் அப்பா வயதுக்காரர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். தறியின் சத்தம் தெரியாமலே குகையில் இப்போது குழந்தைகள் வளர்கிறார்கள், அது எனக்குப் பெரிய வலி.

பூங்கா வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும். நல்ல பூங்காக்கள் பல, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுமாதமே பூட்டு விழுந்து புதர் மண்டியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரையோர வார்டுகளின் உறுப்பினர்கள், பூ வியாபாரிகள், நெசவாளர்கள், கோயில்காரர்கள், மசூதி ஜமாத்தார், பள்ளி ஆசிரியர்கள், கரையில் குடியிருக்கும் பெண்கள் எல்லோரும் இருக்கும் ஒரு குழுவிடம் கண்காணிப்பைக் கொடுங்கள். நீரின் தரத்தை மாதம் ஒரு முறை சோதித்து, முடிவைப் பாலத்தின் பக்கத்தில் பலகையில் எழுதி வையுங்கள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளே அதைச் செய்து தருவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் முடித்துத் தரச் சொல்லவில்லை. முதலில் ஒரு படித்துறை. சுகவனேஸ்வரர் கோயிலுக்கும் கோட்டைக்கும் இடையில் எங்காவது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் பக்கம் வந்து விழும் கழிவுநீரை நிறுத்துங்கள். சுவரில் ஓர் இடைவெளி விட்டுக் கருங்கல் படி இறக்குங்கள். இருபது மரம் நடுங்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த துறையைப் பேசலாம்.

2022 முதல் உள்ளாட்சி தினமான நவம்பர் 1ஆம் தேதி வார்டுகளில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையைக் கூட்டும் வழக்கம் வந்திருக்கிறது. வரும் நவம்பரில் கரையோர வார்டுகள் எல்லாவற்றிலும் திருமணிமுத்தாற்றங்கரைப் பூங்காவைப் பேசு பொருளாக வையுங்கள். எங்கள் தெருவிலிருந்து யார் யார் வருவது என்று பேசி முடித்துவிட்டோம். ஆற்றில் விழும் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெருவாரியாக ஒரு பட்டியலும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதைக் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறோம். உங்கள் பொறியாளர்கள் வந்து சரிபார்க்கட்டும். வேலைக்கு எந்த ஆண்டு நிதி ஒதுக்குவீர்கள், முதல் துறை எங்கே அமையும் என்ற இரண்டுக்கும் அன்று பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கருங்கல்பட்டியிலிருந்து
ஆற்றோரத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி